‘ரோமானியக் கோவில்’ அல்ல, உரோமைவழிக் கோவில்

ஐரோப்பாவின் பழைய கிராமத்துக் கோவில் எதைப் பற்றி எழுதினாலும் ‘ரோமானியப் பாணி’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ‘ரோமானியர் காலத்துத் தேவாலயம்’ என்றே எழுதிய பயணக் கட்டுரையும் உண்டு. ஆங்கிலத்தில் ‘ரோமனெஸ்க்’ எனப்படும் இடைக்காலக் கட்டடப் பாணியைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். இனியும் பொறுக்க முடியாது.

ஸ்பெயினின் கற்றலோனியாவில், பிரனீஸ் மலையின் ‘போயி’ பள்ளத்தாக்கில் தாவுல் என்றொரு சிற்றூர். அங்குள்ள புனித கிளமெந்து கோவிலை ரோடாவின் ஆயர் (பிஷப்) ராமோன் 1123 டிசம்பர் 10 அன்று அர்ச்சித்து வழிபாட்டுக்குத் திறந்தார். இதைத் தூண் ஒன்றில் வண்ண எழுத்தில் எழுதியே வைத்தார்கள். மேற்கு ரோமப் பேரரசு விழுந்தது 476இல். நடுவே அறுநூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. இந்தக் கோவிலை ‘ரோமானிய’ என்றால், படிப்பவர் சீசரின் ஆட்கள் கட்டியதாகத்தானே நினைப்பார்? சிலருக்கு ருமேனியாவும் நினைவுக்கு வரும்.

சொல்லின் கதை சிறியது. 1818இல் ஷார்ல் த ஜெர்வில் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கட்டடக்கலையை ‘ரோமான்’ என்றார். இலத்தீன் மாறி பிரெஞ்சு முதலான மொழிகள் பிறந்ததுபோல, ரோமக் கட்டடக்கலை மாறிப் பிறந்தது இது என்பது அவர் எண்ணம். மறு ஆண்டே வில்லியம் கன் என்ற ஆங்கிலப் பாதிரியார் ‘ரோமனெஸ்க்’ என்ற சொல்லை அச்சில் ஏற்றினார். இத்தாலியத்திலிருந்து அவர் காட்டிய காரணம் அருமையானது. ரோமில் பிறந்தவன் தன்னை ‘ரோமானோ’ என்பான். வேறு வம்சத்தில் வந்து அங்கேயே நெடுங்காலம் குடியிருப்பவனை ‘ரோமனெஸ்கோ’ என்பான். ஊரோடு உறவு உண்டு, ஆனால் ஊர்க்காரன் இல்லை.

இந்த வேறுபாட்டை மற்ற மொழிகள் விடாமல் காக்கின்றன. பிரெஞ்சில் ‘ரோமேன்’ வேறு, ‘ரோமான்’ வேறு. ஸ்பானியத்தில் ‘ரோமானோ’, ‘ரொமானிக்கோ’. ஜெர்மன் மொழியிலும் இரண்டு சொல். தமிழில் மட்டும் இரண்டையும் ஒரே ‘ரோமானிய’வில் அடைப்பது சோம்பல். வேறு ஒன்றும் இல்லை.

சரி, மாற்று? ‘வட்டவளைவுப் பாணி’ என்கிறார்கள் சிலர். தூய தமிழ்தான், எளிதாகவும் புரிகிறது. ஆனால் ஸ்பெயினின் செகோவியாவில் ரோமானியர் கட்டிய நீர்ப்பாலமும் வட்ட வளைவுதான். அதையும் இதையும் எப்படிப் பிரிப்பது? அப்புறம், பிரான்சில் 1088இல் தொடங்கிய குளூனி மடத்துப் பெருங்கோவில் இதே மரபுதான். அதில் கூர்வளைவுகள் இருந்தன. ஓர் உறுப்பை வைத்து முழுக் கலைக்கும் பெயர் வைத்தால் இப்படித்தான் முட்டும்.

அடுத்தது ‘ரோமச் சாயல்’. இதற்கு ஆதரவாளர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில், ‘ரோம’ என்றால் தமிழ்க் காதுக்கு மயிர். இந்த இடறல் தேவையில்லை. பெரிய குறை ‘சாயல்’. தாவுலில் நின்று பாருங்கள். ஆறு நிலைக் கோபுரத்தில் நிலைதோறும் ஓடும் குட்டி வளைவு வரிசை, வட இத்தாலியின் லொம்பார்தியக் கைவேலை வழக்கம். கருவறைக் குவிச்சுவரில், ‘நானே உலகின் ஒளி’ என்று இலத்தீனில் எழுதிய புத்தகத்தோடு அமர்ந்திருந்த கிறிஸ்துவின் ஓவியத்தில் கான்ஸ்டான்டினோபிளின் பைசாந்தியக் கலையின் முகவெட்டு. (அசல் ஓவியத்தைத் துணியும் பசையும் ஒட்டி உரித்தெடுத்து, பார்சிலோனா அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.) இதில் பழைய ரோமின் சாயலைத் தேடினால் ஏமாற்றம்தான். ஆனால் வம்சம் தெரியும். தூண் வரிசைகள் பிரிக்கும் மூன்று நீள்கூடங்களும், கிழக்கே அரைவட்டக் குவிவும் ரோமானியர் வழக்கு விசாரித்த பசிலிக்கா மண்டபத்திலிருந்து இறங்கி வந்தவை. சாயல் இல்லாமலும் வம்சம் இருக்கலாம்.

அதனால்தான் ‘உரோமைவழி’ என்கிறேன். தாய்வழி, மரபுவழி என்று சொல்லிப் பழகிய ‘வழி’தான் இது. ‘உரோமை’யும் புதிதல்ல. தமிழ்க் கத்தோலிக்கர் விவிலியத்தில் ‘உரோமையருக்கு எழுதிய திருமுகம்’ என்றுதான் வாசிக்கிறார்கள். ரகரத்தில் சொல் தொடங்காது என்ற இலக்கண விதியும் காப்பாற்றப்படுகிறது, மயிர்க் குழப்பமும் ஒழிகிறது. உரோமைவழிக் கட்டடக்கலை, உரோமைவழி ஓவியம், உரோமைவழிச் சிற்பம்: எங்கு வைத்தாலும் உட்காருகிறது. இதை ஏற்க மனமில்லாதவர்கள் ‘ரோமனெஸ்க்’ என்றே எழுதட்டும். அந்தக் கடன்சொல் பொய்யாவது சொல்லாது.

இந்த ஒரு சொல்லோடு மொழிபெயர்ப்பாளர்கள் நிற்பதில்லை. ‘பசிலிக்கா அமைப்பு’ என்று மூலத்தில் கண்டதும் ‘பேராலயம்’ என்று எழுதிவிடுகிறார்கள். வேளாங்கண்ணி பேராலயம் என்பது 1962இல் திருத்தந்தை தந்த ‘பசிலிக்கா’ பட்டத்தைக் குறிக்கும் சொல். தாவுலுக்குச் சொல்லப்படுவது தரைப்படம், பட்டம் அல்ல. ‘மூன்று நீள்கூட அமைப்பு’ என்று எழுதினால் வேலை முடிந்தது. ஊர் மக்கள் பூசைக்குக் கூடும் கோவிலைப் ‘பங்குக் கோவில்’ என்று நம் ஊர்களில் தினமும் சொல்கிறார்கள். அதை விட்டுவிட்டு ‘திருச்சபைப் பிரிவு ஆலயம்’ என்று அகராதியைப் புரட்டிச் செய்பவர்கள், எழுதும் முன் ஒரு கத்தோலிக்கப் பாட்டியிடம் கேட்டிருக்கலாம்.