குரல் போவது ஒத்திகையில்

"சனிக்கிழமை வாணி மகால்ல ஷோ. எப்படியாவது சரி பண்ணிக் குடுங்க." மேடை நடிகர்கள் எங்களிடம் குரல் சிகிச்சைக்கு வரும்போது பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அன்றைக்கு வியாழக்கிழமையாக இருக்கும். இரண்டு நாளில் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். குரல் கெட்டது அதற்கு முந்தைய ஆறேழு வார ஒத்திகையில். சனிக்கிழமை அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

சென்னையில் சபா நாடக நடிகரின் பாடு கொஞ்சம் தேவலை. வாரநாளில் வேறு வேலை, வார இறுதியில் நாடகம், தலைக்கு மேலோ மேடை விளிம்பிலோ மைக் இருக்கும். முழுநேரக் குழு நடிகரின் நிலை வேறு. இருக்கிற ஏழெட்டுப் பேரே எல்லா நாடகத்திலும் நடிக்க வேண்டும். பழைய நாடகத்தை மேடையேற்றிக்கொண்டே புதியதற்கு ஒத்திகை பார்க்க வேண்டும். சம்பளம் போதாமல் காலையில் பள்ளியில் நாடக வகுப்பு, இடைப்பட்ட நேரத்தில் வடபழனியிலோ சாலிகிராமத்திலோ டப்பிங். இந்த மூன்று வேலைக்கும் ஒரே குரல்நாண்தான் உழைக்கிறது.

அந்த நாண் எவ்வளவு சிறியது என்பதை நடிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆணுக்குச் சுமார் 17 முதல் 21 மில்லிமீட்டர், பெண்ணுக்கு 11 முதல் 15. சாதாரணப் பேச்சில் பெண்ணின் குரல்நாண்கள் நொடிக்கு 200 முறைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன. இடைவிடாமல் ஒரு மணி நேரம் குரல் எழுப்பினால் ஏழு லட்சம் மோதல். கத்தும்போது மோதலின் வேகமும் கூடுகிறது. நாண் அதிகம் அடிபடும் இடத்தில், அதாவது முன்பக்க மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில், முதலில் வீக்கம் வரும். ஓய்வில்லாமல் தொடர்ந்தால் அதுவே இரண்டு பக்கமும் காய்ப்பாகிறது.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. வீக்கம் வந்ததும் முதலில் போவது உரத்த குரல் அல்ல, மெல்லிய குரல். கத்த முடிகிறது என்பதால் நடிகர் தனக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்கிறார். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. காலையில் எழுந்து கொஞ்சம் பேசிய பிறகு, தெரிந்த பாட்டு ஒன்றின் முதல் வரியை உங்களால் முடிந்த உச்ச சுருதியில், பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்துவிடாத அளவு மெதுவாகப் பாடிப் பாருங்கள். ஒலி வருவதற்கு முன் வெறும் காற்று வந்தாலோ, நேற்று எட்டிய சுருதி இன்று எட்டாவிட்டாலோ வீக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அன்றைய ஒத்திகையில் அடக்கி வாசிக்க வேண்டும். ஒத்திகைக் காலம் முழுக்க இதைத் தினமும் செய்தால் மூன்றாவது வாரத்திலேயே பிடிபட்டுவிடும்.

அடுத்தது ஒத்திகை நடக்கும் இடம். வாடகை கட்டுப்படியாகாமல் பாதிக் குழுக்கள் மொட்டை மாடியில்தான் ஒத்திகை பார்க்கின்றன. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டரில் கேட்கும் குரல் 16 மீட்டரில் 24 டெசிபல் இறங்கியிருக்கும். திருப்பி அனுப்பச் சுவர் இல்லை, கூரை இல்லை, கீழே பஸ் ஹாரன் வேறு. இயக்குநர் மாடியின் அந்தக் கோடியில் உட்கார்ந்து "கேக்கல, கேக்கல" என்பார். நடிகர் தொண்டையை இறுக்கித் தள்ளுவார். அரங்குக்குள் தேவையே இல்லாத ஒரு கத்தல், ஆறு வாரத்தில் அப்படியே பழக்கமாகிவிடுகிறது.

மாடியைத் தவிர்க்க முடியாதென்றால், நடிகர்கள் மாடிப்படி அறையின் சுவரையோ தண்ணீர்த் தொட்டியையோ முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்கட்டும். இயக்குநர் நான்கைந்து மீட்டருக்குள் உட்காரட்டும். அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்பதை அரங்கில் சோதிக்கலாம். எழும்பூர் மியூசியம் தியேட்டரில் தேவைப்படும் அளவு வேறு, கறுப்புச் சுவர் கொண்ட சிறிய நாடக அறையில் தேவைப்படும் அளவு வேறு. உள்ளறை ஒத்திகை என்றால் மின்விசிறிதான் எதிரி. சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதக் குரல் தன்னையறியாமல் உயர்ந்துவிடும். வசனம் ஓடும்போது விசிறியை நிறுத்திவிட்டு, 40 நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளையில் போட்டுக்கொள்ளலாம். சென்னை வியர்வையில் இது கஷ்டம்தான். ஆனால் குரலுக்கு வியர்வையால் கேடில்லை.

அடக்கி வாசிப்பது பல இயக்குநர்களுக்குப் பிடிப்பதில்லை, உணர்ச்சி வரவில்லை என்பார்கள். ஒரு நாளில் மூன்று முறை முழு நாடகத்தையும் ஓட்டினால் ஒரு முறை மட்டும் முழுக்குரல் போதும். ஒப்பாரி, அலறல், சண்டைக் காட்சிகளில் அசைவு, மூச்சு, நேரம் மூன்றையும் முதலில் உட்கார வைக்க வேண்டும். முழு அலறலைக் கடைசி வாரத்துக்கு விட வேண்டும், அதுவும் ஒத்திகைக்கு ஒன்று. அலறலுக்கு முன் மூச்சை விலாப்பக்கம் விரிய எடுக்க வேண்டும், தாடை முழுக்கத் தொங்க வேண்டும், நாக்கு முன்னால் இருக்க வேண்டும். கண்ணாடியில் பார்க்கும்போது கழுத்து நரம்பு புடைத்தால் தப்பு. பார்வையாளருக்கு அலறலின் தீவிரத்தைப் பாதிக்குமேல் உணர்த்துவது உடல்தான் என்பது எங்கள் கணிப்பு.

தெருக்கூத்துக் குரலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழு, தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தோடு உறவாடிய காலத்திலிருந்து, நவீன நாடக நடிகர்களுக்குக் கூத்துக் குரல் மேல் ஒரு மோகம். நல்லதுதான். ஆனால் கூத்தில் அந்தக் குரல் தனியாக நிற்பதில்லை. வேடக்காரர் ஒரு வரியைப் பாடி விட்டதும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திரும்பப் பாடுகிறார்கள். அந்த இடைவெளியில் அவர் மூச்சு வாங்கிக்கொள்கிறார், ஆடுகிறார். நாகஸ்வரம் போன்ற சிறிய ஊதுகருவியான முகவீணை சுருதியைத் தாங்குகிறது. சிறுவயதிலிருந்து பழகிய தொண்டை வேறு. நவீன நாடகத்தில் பின்பாட்டை வெட்டிவிட்டு, முகவீணைக்குப் பதில் பதிவு செய்த இசையை வைத்துக்கொண்டு, குரலை மட்டும் ஒருவரிடம் கேட்டால் பத்து காட்சிகளில் தொண்டை கட்டும். மைக் வராத காலத்து ஸ்பெஷல் நாடகம் என்ற இசை நாடகங்களின் பாடகர்கள் நான்கு, ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடியதற்கும் காரணம் இருக்கிறது. 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையான ஒலிக்குக் காது கூர்மையானது. உச்ச சுருதியில் பாடும் கணீர்க் குரலில் அந்தப் பகுதி நிறைய இருக்கும். கத்தாமலே கூட்டத்தைத் தாண்டும். முகத்தின் முன்பக்கம் ஒலியைக் கொண்டுவரப் பழகினால் இன்றைய நடிகருக்கும் இதே பலன் கிடைக்கும். அடித்தொண்டையிலிருந்து கர்ஜிப்பவருக்குக் கிடைக்காது.

பதின்பருவப் பையன்களை மகரக்கட்டு நேரத்தில், அதாவது குரல் உடையும் நேரத்தில், பெருங்குரல் பாத்திரங்களில் போடாதீர்கள். சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகள் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம் இது.

கைவைத்தியத்துக்கு வருவோம். பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை, அதிமதுரம் எல்லாம் தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடாது, உணவுக்குழாய் வழியே போய்விடும். தண்ணீரும் அப்படித்தான். அது ரத்தத்தில் கலந்து நாணின் மேலுள்ள ஈரத்துக்கு வந்துசேர மணிக்கணக்காகும். ஏழு மணி நாடகத்துக்கு ஆறே முக்காலுக்கு ஒரு பாட்டில் குடித்தால் கழிவறையைத் தேட வேண்டியதுதான். காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். நேரடியாகப் போவது நீராவி மட்டுமே. வெறும் தண்ணீரில், தைலம் போடாமல், ஐந்து முதல் பத்து நிமிடம். செருமுவதை விட்டுவிட வேண்டும், ஒவ்வொரு செருமலும் நாணுக்கு ஓர் அறை. எச்சிலை விழுங்குங்கள், அல்லது ஒரு வாய் தண்ணீர். கிசுகிசுப்பதை ஓய்வு என்று நினைக்கிறவர்கள் நிறைய. பலர் கிசுகிசுக்கும்போது குரல்வளையை இன்னும் இறுக்குகிறார்கள். பேசக்கூடாதென்றால் எழுதிக் காட்டுங்கள்.

நாடகம் முடிந்து பதினொரு மணிக்குப் பரோட்டா சால்னா, பன்னிரண்டுக்குப் படுக்கை. காலையில் மட்டும் கரகரப்பு, எப்போதும் தொண்டையில் ஏதோ உருண்டை இருப்பது போன்ற உணர்வு, நெஞ்செரிச்சல் இல்லாமலே செருமல் என்றால் வயிற்று அமிலம் மேலேறுவது காரணமாக இருக்கலாம். சாப்பாட்டை நாடகத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிட்டு, பிறகு இட்லி போல எதையாவது லேசாகச் சாப்பிட்டால் போதும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து ஆறு அங்குலம் உயர்த்தலாம். தலையணையை அடுக்குவதால் வயிறு மடங்குமே தவிர, பலனில்லை.

குரலைச் சூடேற்ற, சாதாரண ஜூஸ் ஸ்டிரா ஒன்றும் பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலும் போதும். ஸ்டிராவின் நுனி இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மூழ்கட்டும். உதட்டால் கசிவில்லாமல் பிடித்து, 'ஊ' என்று ஒலித்தபடி குமிழி விடுங்கள். முதலில் ஒரே சுருதி, பிறகு கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. வாயில் உருவாகும் எதிரழுத்தம் நாண்கள் பலமாக மோதாமல் அதிரச் செய்கிறது. ஐந்து நிமிடம் இது, அதன் பிறகு ஐந்து நிமிடம் வசனம். நாடகம் முடிந்ததும் இதையே மூன்று நிமிடம் செய்யுங்கள். யாரும் செய்வதில்லை. ஒப்பனையைக் கலைத்துக்கொண்டே செய்யலாம்.

டப்பிங்கில் கத்தல், அடிவாங்கும் சத்தம் எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். பள்ளி வகுப்பில் நாற்பது பிள்ளைகளைக் குரலால் அடக்கப் பார்க்காதீர்கள். கைத்தட்டலோ கஞ்சிராவோ போதும்.

உச்சக் காட்சியில் திடீரென்று குரல் அறுந்து போனால், அதுவரை நன்றாக இருந்து சட்டென்று போனால், குரல்நாணில் ரத்தம் கசிந்திருக்கலாம். அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள். குரல் கட்டியிருக்கும்போது ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், கசிவு கூடும். "ஒரு ஊசி போட்டா ஷோ முடிச்சிடலாம்" என்று சொல்லப்படும் ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும், காயத்தை ஆற்றாது. நாணைப் பார்க்காமல் அதைப் போட்டுக்கொண்டு மேடையேறுவது ஆபத்து.

சளி பிடிக்காமலே கரகரப்பு நான்கு வாரம் தாண்டினால் குரல்வளையைக் கருவி விட்டுப் பார்க்க வேண்டும். புகைப்பவர்கள் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும், ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவமனைகளிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு. புறநோயாளிச் சீட்டு காலையில் வாங்க வேண்டும். கனமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், கருவி விடும்போது குமட்டும். நடிகர் என்பதைச் சொல்லுங்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் குரல் கொடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். காய்ப்பு என்றால் முதல் வழி குரல் பயிற்சிதான், அறுவை அல்ல. பரிசோதனைப் படத்தின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த ஆண்டு வேறொரு மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.