உயரம் கூட்டும் பவுடரும் இந்தியக் கூடைப்பந்து அணியும்

நான் பெங்களூரு ஃப்ரேசர் டவுனில் விளையாட்டுக் காயங்களுக்கு பிசியோதெரபி பார்க்கிறேன். அல்சூர், சிவாஜி நகர், காக்ஸ் டவுன் பக்கமிருந்து நிறையத் தமிழ்க் குடும்பங்கள் வருகின்றன. கூடைப்பந்து ஆடும் பிள்ளையை முழங்கால் வலிக்கு அழைத்து வருபவர்கள், கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்றுதான்: "மேடம், இவ இன்னும் நாலு இன்ச் வளர என்ன குடுக்கலாம்?" ஏன் என்றால், "இந்தியா டீம் ஜெயிக்காததே நம்மாளுங்க குள்ளமா இருக்கறதாலதானே?" என்பார்கள்.

உயரம் கூட்டும் பவுடர் விற்பதே இந்த நம்பிக்கையில்தான். அது எவ்வளவு சரி என்று நம் அணியின் கதையை வைத்தே பார்ப்போம்.

ஆசிய சாம்பியன்ஷிப்பில் நம் ஆண்கள் எட்டிய உச்சம் நான்காம் இடம். 1975இல், பாங்காக்கில். ஒலிம்பிக்கில் ஆடியது 1980 மாஸ்கோவில் மட்டும். பல நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக் அது. எல்லா ஆட்டத்திலும் தோற்று, 12 அணிகளில் 12ஆவதாக வந்தோம். 2014 ஜூலையில் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் சீனாவை அவர்கள் மண்ணிலேயே 65-58 என்று தோற்கடித்தோம். 2015இல் ஏழடி தாண்டிய சத்னம் சிங்கை, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், டல்லஸ் மேவரிக்ஸ் அணி 52ஆவது ஆளாக எடுத்தது. ஆக, உயரமான ஆட்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. ஆனாலும் 2022, 2025 ஆசியக் கோப்பைகளில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

பெண்கள் கதை நம் ஊரிலேயே நடந்தது. 2017 ஜூலையில் கண்டீரவா உள்ளரங்கத்தில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு. இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று மயிரிழையில் வென்று முதல் பிரிவுக்குப் போனோம். தலைமை தாங்கிய சென்னையின் அனிதா பால்துரை, குழந்தை பெற்றபின் மீண்டும் ஆட வந்தவர். 2019இல் அதே அரங்கத்தில் முதல் பிரிவு நடந்தபோது எல்லா ஆட்டத்திலும் அடி வாங்கினோம். ஆனால் நான் பெற்றோர்களைப் பார்க்கச் சொல்வது அந்தத் தொடரின் இறுதி ஆட்டத்தை. ஆறடியைத் தாண்டிய ஆட்களை வைத்திருந்த சீனாவை ஜப்பான் 71-68 என்று வென்றது. இரண்டு ஆண்டு கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே ஜப்பான் வெள்ளி வாங்கியது. அங்கே வந்திருந்த அணிகளில் குட்டையானவற்றில் அதுவும் ஒன்று. வேகமும், மூன்று புள்ளி எறிதலும், கடைசி நிமிடம் வரை தளராத கால்களும்தான் அவர்கள் பலம்.

கூடைப்பந்தில் உயரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும்தான். ஆனால் டப்பாவில் அது கிடைக்காது.

எலும்பின் நுனியில் இருக்கும் வளர்தட்டு திறந்திருக்கும்வரைதான் உயரம் கூடும். பெண் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் 14 முதல் 16 வயதுக்குள் மூடிவிடும், பையன்களுக்கு இன்னும் ஓரிரு ஆண்டு பிந்தி. வயதுக்கு வந்த பெண் அதன்பின் சராசரியாக 5 முதல் 7 சென்டிமீட்டர்தான் வளர்வாள். மகள் எவ்வளவு வளர்வாள் என்று தோராயமாகத் தெரிய, அப்பா அம்மா உயரத்தைச் சென்டிமீட்டரில் கூட்டி, 13 கழித்து, இரண்டால் வகுங்கள். மகன் என்றால் 13 கூட்டுங்கள். அப்பா 168, அம்மா 155 என்றால் மகளுக்கு 155 வரும். எட்டு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம்.

"பார்ல தொங்கினா ஒரு சென்டிமீட்டர் கூடியிருக்கு மேடம்" என்று ஓர் அப்பா அடித்துச் சொன்னார். எப்போது அளந்தீர்கள் என்றேன். முதல் அளவு சாயங்காலம், இரண்டாவது காலையில். படுத்து எழுந்ததும் முதுகெலும்புத் தட்டுகள் உப்பியிருக்கும். காலையில் எல்லோருமே ஒரு சென்டிமீட்டர் போலக் கூடுதல் உயரம்தான். பவுடர் விளம்பரத்தில் வரும் 'முன்', 'பின்' படங்களைப் பார்க்கும்போதும் இது நினைவிருக்கட்டும்.

பவுடரால் பணம் மட்டும் போனால் சரி என்று விடலாம். ஆனால் லேபிளில் இல்லாத சரக்கும் சில டப்பாக்களில் இருக்கும். சத்னம் சிங்குக்கே 2020இல் இரண்டு ஆண்டுத் தடை விதித்தார்கள்; ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியது ஹைஜினமைன் என்ற தடைசெய்யப்பட்ட பொருள். அது உடம்புக்குள் எப்படி வந்தது என்பதை ஊக்கமருந்து விதி முதலில் பார்ப்பதில்லை. உள்ளே இருந்தால் பொறுப்பு ஆட்டக்காரருடையது. ஹைஜினமைன் சில செடிகளில் இயற்கையாகவே இருக்கிறது, சப்ளிமென்ட்களிலும் வருகிறது. மாநில அணிக்கு ஆடும் பிள்ளைக்கு முகவரி தெரியாத டப்பா எதையும் தராதீர்கள். வளர்ச்சி ஹார்மோன் ஊசியும் தடைப் பட்டியலில் உள்ளது. பிள்ளை பருவமடையும் முன்பே ஆண்டுக்கு நான்கு சென்டிமீட்டர்கூட வளரவில்லையென்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அது வேறு விஷயம்.

என்னிடம் வரும் முழங்கால்களில் பாதி, உயரத்துக்காகச் செய்த வேலையால் கெட்டவை. சிமென்ட் தரையில் தினமும் ஆயிரம் ஸ்கிப்பிங், அதற்குமேல் இரண்டு வேளைப் பயிற்சி. மளமளவென்று வளரும் வயதில் முட்டிக்குக் கீழே முன்பக்கம் புடைத்து, தொட்டாலே வலிக்கும். அப்போது குதிப்பதைக் குறைக்க வேண்டும், கூட்டக் கூடாது. பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்து, முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார் அறுவது. ஒரே ஆட்டத்தை ஆடும் பையன்களைவிட அவர்களுக்கு இது பல மடங்கு அதிகம். அறுவைச் சிகிச்சை செய்தால் ஒன்பது மாதமாவது களத்துக்கு வெளியேதான்.

இதைத் தடுக்கும் பயிற்சிக்குச் செலவே கிடையாது. பிள்ளையை ஓரடி உயரப் படியிலிருந்து குதிக்கச் சொல்லி, முன்னாலிருந்து செல்போனில் வீடியோ எடுங்கள். தரையில் இறங்கும்போது இரண்டு முட்டியும் உள்பக்கமாக ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தால் கோச்சிடம் காட்டுங்கள். இடுப்பையும் முட்டியையும் மடக்கி, சத்தமில்லாமல் இறங்கப் பழக்கச் சொல்லுங்கள். வாரம் இரண்டு மூன்று முறை, வார்ம் அப் நேரத்திலேயே பதினைந்து நிமிடம் போதும்.