ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அருங்காட்சியகம் எங்கே கடினமாகிறது?

ஆட்டிசம் உள்ளவர்களும் நிம்மதியாக வந்துபோகும் இடமாக அருங்காட்சியகங்களை மாற்றுவது பற்றிப் பேசும்போது, காட்சிப்பொருள்களையும் விளக்கங்களையும் எளிமைப்படுத்த வேண்டும் என்ற யோசனையே பலருக்கு முதலில் தோன்றுகிறது. பிரச்சினை பெரும்பாலும் அங்கே இல்லை என்பதே என் கருத்து. ஒரு துறையில் ஆழ்ந்து ஈடுபடுவதும், வகைபிரித்துப் பார்ப்பதும், நுண்ணிய விவரங்களைக் கவனிப்பதும் ஆட்டிசம் உள்ள பலருக்கு இயல்பாக வருபவை. அருங்காட்சியகங்கள் இயங்குவதும் அந்த ஆர்வத்தை நம்பித்தான். அவர்களைப் பாதி வழியில் திரும்பச் செய்பவை கட்டடத்தின் ஒலியும் ஒளியும், அடுத்து என்ன நேரும் என்று தெரியாத நிலையும்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, புலன்தூண்டல்களுக்கு மிகையாகவோ மிகக் குறைவாகவோ எதிர்வினை புரிவதை ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. மாறாமல் ஒலித்துக்கொண்டிருக்கும் ஒரு சத்தத்தைப் பொதுவாக மூளை சற்று நேரத்தில் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்தப் பழகிப்போதல் மெதுவாகவே நிகழ்வதாக ஆய்வுகள் சுட்டுகின்றன. மற்றவர்கள் கேட்பதையே நிறுத்திவிட்ட குளிர்சாதனத்தின் இரைச்சல் அவர்களுக்கு ஒரு மணி நேரம் கழித்தும் அடங்காமல் இருக்கலாம்.

இனி கட்டடத்தைப் பார்ப்போம். ஓர் அறையில் எழும் ஒலி 60 டெசிபல் குறைவதற்கு எடுத்துக்கொள்ளும் காலத்தை ஒலியியலில் எதிர்முழக்க நேரம் என்பார்கள். கல் தரை, கண்ணாடிப் பேழை, உயர்ந்த கூரை ஆகியவை ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புவதால், பெரிய கூடங்களில் இந்த நேரம் பல நொடிகளுக்கு நீள்கிறது. ஒருவர் பேசி முடித்த சொல் அடங்குமுன் அடுத்தவரின் குரலும் காலடி ஓசையும் அதன்மேல் வந்து விழுகின்றன. இந்தக் கலவையிலிருந்து வழிகாட்டியின் பேச்சை மட்டும் பிரித்தெடுப்பது ஆட்டிசம் உள்ள பலருக்குப் பெரும் உழைப்பு. கம்பளமும் தடித்த திரையும் ஒலி உறிஞ்சும் பலகைகளும் இதற்கு நேரடியான தீர்வுகள். கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரமோ, ஓடு பதித்த சிறிய அறையில், பக்கத்தில் யாரோ கையை நீட்டிய மாத்திரத்தில், முன்னறிவிப்பின்றி அலறத் தொடங்குகிறது. அதை எடுத்துவிட்டுக் காகிதத் துண்டுகளை வைத்தாலே போதும்.

ஒளியிலும் இத்தகைய மறைவான தொல்லை உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், பழைய சோக் பொருத்திய டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுங்குகிறது. பெரும்பாலோர் அதை உணர்வதில்லை என்றாலும், சிலருக்கு அது தலைவலியாகவும் கண்களுக்குச் சோர்வாகவும் முடிகிறது. எல்இடி விளக்குகளிலும், வெளிச்சத்தைக் குறைக்கும் முறையைப் பொறுத்து மினுக்கம் வரக்கூடும் என்பதால் வாங்குமுன் சோதிப்பது நல்லது.

அடுத்தது முன்கூட்டித் தெரிந்துகொள்ளும் வசதி. முன்அனுபவத்தைக் கொண்டு அடுத்ததை ஊகித்துக்கொள்ளும் மூளையின் வேலை ஆட்டிசத்தில் வேறுவிதமாக நடக்கிறது என்ற கருதுகோளை 2012-இல் ஆய்வாளர்கள் எலிசபெத் பெலிக்கானோவும் டேவிட் பர்ரும் முன்வைத்தனர். அது இன்னும் விவாதத்தில் இருந்தாலும், எதிர்பாராதவை ஆட்டிசம் உள்ள பலரைக் கடுமையாகக் களைப்படையச் செய்கின்றன என்பதில் ஐயமில்லை. இதற்கு உதவும் வழிகளுள் ஒன்று, 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆசிரியர் கேரல் கிரே உருவாக்கிய சமூகக் கதை முறை. “நுழைவாயிலில் வரிசை இருக்கலாம். காவலர் என் பையைத் திறந்து பார்க்கச் சொல்லலாம். பார்த்த பிறகு பையைத் திருப்பித் தருவார்” என்று, அந்த வாயிலின் உண்மையான புகைப்படத்தோடு, பக்கம் பக்கமாக அது சொல்லிச் செல்லும். விரும்பத்தகாத விவரங்களை மறைத்து எழுதினால் அதன் பயனே போய்விடும். எந்தக் கூடம் இரைச்சலானது, எது மங்கலானது, அமைதி அறை எங்கே என்று குறிக்கும் வரைபடமும் இதே வேலையைச் செய்கிறது.

ஆட்டிசம் உள்ளவர்களுக்காகப் பொது நேரத்துக்கு முன்போ பின்போ திறந்திருக்கும் சிறப்பு அமர்வுகளைப் பல அருங்காட்சியகங்கள் நடத்துகின்றன. லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் குடும்பங்களுக்குக் காலையில் ‘ஏர்லி பேர்ட்ஸ்’ அமர்வையும், இளைஞர்களுக்கு ‘நைட் அவுல்ஸ்’ அமர்வையும் நடத்தியிருக்கிறது. இரண்டாவதை நான் குறிப்பாகப் பாராட்டுகிறேன், ஏனெனில் ஆட்டிசம் குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஆனால் சிறப்பு அமர்வுகள் ஆண்டின் சில நாள்களில்தான் நடக்கும். மற்ற நாள்களில் வருபவருக்கு உதவுவது பணியாளர்தான். கைகளை அசைப்பதும் முன்னும் பின்னும் ஆடுவதும் ஒருவர் தம்மை நிலைப்படுத்திக்கொள்ளும் வழிகள் என்றும், கண்ணைப் பார்க்காதவர் கவனிக்காதவர் என்று பொருளல்ல என்றும் அவர் அறிந்திருக்க வேண்டும். இளைப்பாற வெளியே போனவரை அதே நுழைவுச்சீட்டில் மீண்டும் உள்ளே விடும் அதிகாரமும் அவரிடம் இருக்க வேண்டும்.