மித்தி ஆற்றுக்கு எந்தக் கணக்கு சரி?

மும்பையின் மித்தி ஆறு மொத்தமே ஏறக்குறைய 18 கிலோமீட்டர்தான். விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் குர்லா வழியாக வந்து, தாராவியின் ஓரத்தைத் தொட்டு, மாஹிமில் கடலில் கலக்கிறது. தாராவித் தமிழர்கள் பலருக்கு ஆண்டில் எட்டு மாதம் அது வெறும் சாக்கடை. ஆறு என்பது ஜூலையில்தான் நினைவுக்கு வரும்.

பெருமழை பெய்தால் இதில் எவ்வளவு நீர், எப்போது வரும் என்று சொல்லப் பல நீரியல் மாதிரிகள், அதாவது கணக்கீட்டு முறைகள், உண்டு. காவிரியில் மேலே பெய்த மழை கடலோரம் வந்து சேர நாட்கள் ஆகும். மித்தியில் சில மணி நேரம் போதும். எனவே ஸ்வாட் (SWAT) போல, பெரிய வேளாண் வடிநிலங்களை ஆண்டுக்கணக்கில் ஆராய உருவான மாதிரி, நாள்வாரி மழையை வைத்துக்கொண்டு இங்கே உதவாது.

மிக எளியது 19ஆம் நூற்றாண்டுச் சூத்திரம்: மழையின் வேகம், நிலப்பரப்பு, அதில் ஓடிவிடும் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்கினால் வெள்ளத்தின் உச்சம். மும்பையின் பழைய வடிகால்கள், மணிக்கு 25 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிதான் ஓடும் என்ற கணக்கில் அமைந்தவை. சூத்திரத்தில் குற்றமில்லை. மண் இருந்த இடமெல்லாம் சிமென்ட் ஆன பிறகு அந்த ‘பாதி’தான் பொய்த்தது.

அடுத்தது, நிலத்தின் தன்மைக்கு 100 வரை ஓர் எண் தரும் ‘வளைவு எண்’ முறை. 100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று வையுங்கள். எண் 70 என்றால், அதாவது மரங்கள் அடர்ந்த நிலம் என்றால், சுமார் 33 மில்லிமீட்டர் ஓடிவரும். 90 என்றால், நெருக்கமாகக் கட்டிய பகுதி என்றால், 73. மழை ஒன்றே, நீர் இரு மடங்குக்கும் மேல். எந்த எண்ணைத் தேர்வது என்பதில்தான் கணக்கிடுபவரின் கைவரிசை ஒளிந்திருக்கிறது.

இவை இரண்டும் கடலைக் கண்டுகொள்வதில்லை. நகர மழைநீர் வடிகால்களுக்கான ஸ்வம் (SWMM) போன்ற மாதிரிதான் குழாய், கால்வாய், கடல் ஏற்றம் (அன்றாடம் கடல்நீர் உயர்வது) மூன்றையும் சேர்த்து, நீர் பின்னோக்கி ஏறுவதையும் கணக்கிடும். 2005 ஜூலை 26 அன்று பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே பிற்பகலில் சேர்ந்துகொண்டன. அந்த நாளைக் கணக்கிட முதலில் சொன்ன இரண்டு முறைகளும் போதவே போதாது.

ஆனால் எந்த மாதிரிக்கும் தீனி மழை அளவுதான். அதே நாளில் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர். அதே நகரின் கொலாபாவில் 75-ஐக்கூடத் தொடவில்லை. கொலாபா மழைமானியை மட்டும் நம்பினால் ஸ்வம்மும் அமைதியான நாள் என்றுதான் சொல்லியிருக்கும். அதனால் விலையுயர்ந்த மென்பொருளைவிடக் கூடுதல் மழைமானிகளுக்கே என் ஓட்டு. ஆற்றையும் அளக்க வேண்டும். மாஹிம் அருகே நீர்மட்டத்தை மட்டும் பார்த்தால் ஏறியது ஆறா, கடலா என்று பிரிக்க முடியாது. கடல் ஏற்றம் எட்டாத மேல்பகுதியில் நீரின் வேகத்தையும் அளந்தால்தான் எந்த மாதிரி உண்மைக்கு அருகில் வருகிறது என்று ஒப்பிட முடியும்.