துணைக்கு ஓர் ஆள் இருந்தால்

கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, மலை தாண்டிக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் ஏராளம். புதிதாகக் காய் எடுக்க வருபவருக்கு முதல் சிக்கல், எது விளைந்த காய் என்பதுதான். உள்ளே விதை கறுத்திருக்கும், வெளியே தோல் பச்சையாகவே இருக்கும். பிஞ்சைப் பறித்துவிட்டால் உலரும்போது சுருங்கிப் போகும், விலை கிடைக்காது. அதனால் கை சரத்தில் இருந்தாலும் கண் பக்கத்து ஆள் மேலேயே இருக்கும்.

"அக்கா, இது ஆகுமா?"

"அதுக்கு இன்னும் நாள் கெடக்கு புள்ள, விட்டுரு."

கொஞ்ச நாளில் கேள்வி நின்றுவிடும். அந்தக் கூட்டத்தின் கணக்கு அவருடைய கணக்காகவே ஆகிவிடும்.

முசாபர் ஷெரிப் என்ற உளவியலாளர் 1935இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. கும்மிருட்டு அறையில் ஒரு துளி வெளிச்சம். அது அசைவதே இல்லை. ஆனால் சுற்றிலும் வேறெதுவும் தெரியாததால் அசைவதுபோலக் கண்ணுக்குத் தோன்றும். எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று தனித்தனியாகக் கேட்டால் ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். சேர்த்து உட்காரவைத்ததும் பதில்கள் மெல்ல ஒரே அளவை நோக்கி நெருங்கின. அப்புறம் மறுபடி தனியாகக் கேட்டபோதும் கூட்டத்தில் பழகிய அளவையே சொன்னார்கள். 1961இல் ஜேக்கப்ஸ், கேம்ப்பெல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இன்னொரு படி போனார்கள். வேண்டுமென்றே மிகையாக அளவு சொல்லும் ஆட்களை முதலில் வைத்து, ஒவ்வொருவராக எடுத்துவிட்டுப் புது ஆட்களை உட்காரவைத்தார்கள். பொய் சொன்னவர் ஒருவர்கூட மிச்சமில்லாத பிறகும் அந்த மிகை பல சுற்றுகள் நீடித்து, மெதுவாகத்தான் தேய்ந்தது.

இதில் தப்பொன்றும் இல்லை. தெரியாத விஷயத்தில் தெரிந்தவரைப் பார்ப்பதுதான் புத்தி. ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு என்று சொல்லிவைத்ததும் இதற்குத்தான்.

ஆனால் பதில் கண்ணெதிரே தெளிவாகத் தெரியும்போதும் ஒத்து ஓடுகிறோமே, அது ஏன்? 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் நடத்திய சோதனை அதைப் பற்றியது. ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்டார்கள். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அறையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் முன்பே பேசிவைக்கப்பட்டவர்கள். 18 சுற்றில் 12இல் அவர்கள் வாய்கூசாமல் ஒரே தவறான பதிலைச் சொன்னார்கள். பாவம், அந்த ஒருவரின் முறை கடைசியை ஒட்டி வரும். அந்தச் சுற்றுகளில் ஏறக்குறைய 37 சதவீதப் பதில்கள் கூட்டத்தின் தவறோடு ஒத்துப்போயின. ஒரு தடவையாவது விட்டுக்கொடுத்தவர்கள் நான்கில் மூன்று பேர்.

மனிதர்கள் செம்மறியாட்டு மந்தை என்பதற்கு இந்தச் சோதனையைச் சாட்சியாக இழுப்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அதே கணக்கில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமான பதில்கள் சரியானவை. நான்கில் ஒருவர் கடைசிவரை அசையவே இல்லை. விட்டுக்கொடுத்தவர்களை உட்காரவைத்துப் பேசியபோது, 'என் கண்ணில்தான் கோளாறோ என்று நினைத்தேன்' என்றார்கள் சிலர். தனித்துத் தெரிய விருப்பமில்லை என்றார்கள் வேறு சிலர். 1955இல் டாய்ச், ஜெரார்ட் என்ற ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். பதில் சொன்னது யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாதபடி செய்தபோது தவறுகள் குறைந்தன. குறைந்தனவே தவிர முழுதாகப் போகவில்லை. அதாவது, நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் ஒரு பங்கு, அத்தனை பேருமா தவறாகச் சொல்வார்கள் என்ற சந்தேகம் ஒரு பங்கு.

மலைப்பாதை ஜீப்பில் ஆள் அளவுக்கு மீறி ஏறும்போது இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. ஒவ்வொருவருக்கும் உள்ளுக்குள் பயம். ஆனால் மற்றவர்கள் முகத்தில் சலனமில்லை. சரி, நமக்கு மட்டும்தான் பயம் போலிருக்கிறது என்று தானும் வாயை மூடிக்கொள்கிறார். அடுத்தவர் இவர் முகத்தைப் பார்த்து அதையே நினைக்கிறார். அன்றைய கூலி போய்விடும் என்ற கவலையும் உண்டு; அதை உளவியல் என்று சொல்லி ஒதுக்கிவிடக் கூடாது.

ஆஷின் ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது அடுத்த கட்டம். எதிரே மூன்று பேர் ஒன்றாகச் சொன்னாலே அழுத்தம் கிட்டத்தட்ட முழு அளவுக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் ஆளைக் கூட்டிப் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் சரியான பதிலைச் சொல்லும் ஒரே ஒரு ஆளைத் துணைக்கு உட்காரவைத்ததும், கூட்டத்தோடு போகும் தவறுகள் முன்பிருந்ததில் சுமார் நான்கில் ஒரு பங்காகச் சரிந்தன. கூட்டத்தைவிட மோசமான தவறைச் சொல்லி அவர்களிடமிருந்து விலகியவர்கூட உதவினார். அப்போதும் தவறுகள் 9 சதவீதம்தான். அந்தத் துணை பாதியில் கட்சி மாறிக் கூட்டத்தோடு சேர்ந்தால் தவறுகள் 28 சதவீதத்தைத் தாண்டின. மாறாக, வேறு வேலை இருக்கிறது என்று அவர் எழுந்துபோனபோது அந்த அளவுக்கு ஏறவில்லை. அவர் போன பிறகும் அவர் கொடுத்த தெம்பு கொஞ்ச நேரம் அறையில் தங்கியிருந்தது.