புள்ளி எல்லாம் ஒரே புள்ளி இல்லை

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் தொட்டியில் வளர்க்கக் கடல் மீன் வாங்க ஆரம்பித்திருப்பவர்களில் பலர் கப்பியும் கோல்டு ஃபிஷும் வளர்த்துக் கை பழகியவர்கள். அந்தக் கைப்பழக்கம்தான் மீன் நோய் பார்க்கும் எனக்கு வேலை வைக்கிறது. நன்னீர் மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்தால் கல்லுப்பு போட்டு, ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டுவோம். உப்பிலேயே பிறந்து வளர்ந்த மீனை உப்பு என்ன செய்யும்? கடல் மீனுக்குப் புள்ளி போடும் கிரிப்டோகேரியான் வேறு உயிரி. சூட்டைக் கூட்டினாலும் போகாது.

ஒரு தப்பை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கோடையில் மயிலாடுதுறைத் தம்பி ஒருவர் சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் ஒரு ஜோடி க்ளவுன் மீன் கொண்டுவந்தார். மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. "சார், வெள்ளைப் புள்ளிதானே?" நானும் ஆமாம் என்று சொல்லி, செம்பு மருந்து எழுதினேன். மறுநாள் பெரிய மீன் செத்துவிட்டது. மிச்சமிருந்ததை வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நேரில் பார்த்தால் புள்ளியே இல்லை. தோல் கோழையாகி நூல் நூலாக உரிந்துகொண்டிருந்தது. கண்ணாடித் தகட்டால் லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மொச்சைக்கொட்டை வடிவத்தில் ஓடித் திரிந்தது புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி. க்ளவுன் மீனுக்கு அடிக்கடி வருவது, ஓரிரு நாளில் கொல்வது, செம்புக்கு மசியாதது. ஃபார்மலின் குளியல் கொடுத்து அந்த ஒன்றைக் காப்பாற்றினோம். (ஃபார்மலினை வீட்டில் நீங்களாக அளந்து ஊற்றாதீர்கள். அது மனிதனுக்கும் விஷம், தண்ணீரின் ஆக்சிஜனையும் குறைக்கும்.) அன்றிலிருந்து போட்டோ பார்த்து மருந்து சொல்வதில்லை.

தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். எண்ணக்கூடிய அளவில் ரவை ரவையாக இருந்தால் கிரிப்டோகேரியானாக இருக்கலாம். மஞ்சள்தூளை உதறிய மாதிரி பொடிப்பொடியாக மினுங்கி, மீன் வேகவேகமாக மூச்சு வாங்கி, பம்ப்பின் நீரோட்டத்திலேயே போய் நின்றால் வெல்வெட் நோயைச் சந்தேகப்படுங்கள். அது முதலில் செவுளைப் பிடிக்கும்; புள்ளி தெரிவதற்குள்ளேயே மீன் போய்விடலாம். விடியட்டும் பார்க்கலாம் என்று விட்டால் மீன் இருக்காது.

கிரிப்டோகேரியான் ஏமாற்றுக்காரன். நாலைந்து நாளில் புள்ளிகள் தானாக மறையும், "குணமாயிடுச்சு சார்" என்று போன் வரும். குணமாகவில்லை. மீனை விட்டு இறங்கி, மணலிலும் கல்லிலும் கூடு கட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கூட்டிலிருந்தும் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் கிளம்பி, ஓரிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். 72 நாள் கழித்துக்கூடக் கூடு திறந்ததாக ஆய்வுப் பதிவு உண்டு. நோய் புகுந்த தொட்டியை 76 நாள் மீன் இல்லாமல் விடச் சொல்வது அதனால்தான்.

செம்பு மருந்து கிரிப்டோகேரியான், வெல்வெட் இரண்டுக்கும் கேட்கும், ஆனால் நீந்தித் திரியும் குஞ்சுகளை மட்டுமே கொல்லும். எனவே அளவு இறங்காமல் வாரக்கணக்கில் நிற்க வேண்டும். செம்பு சல்பேட் என்றால், தண்ணீரில் டெஸ்ட் கிட் காட்டும் செம்பின் அளவு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். குறைந்தால் பலிக்காது, கூடினால் மீனே போய்விடும். டெஸ்ட் கிட் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். பிராண்டு மருந்துகளில் செம்பின் வடிவமே வேறாக இருக்கலாம், அதற்கு லேபிள் அளவுதான். பவளமும் இறாலும் இருக்கும் தொட்டியில் ஒரு சொட்டுகூடக் கூடாது. மணலும் கல்லும் செம்பை உறிஞ்சும் என்பதால் மருந்துக்குத் தனியாக ஒரு வெறும் கண்ணாடித் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டு. செலவு அவ்வளவுதான். எந்தப் புது மீனையும் நாலு வாரம் அதில் வைக்காமல் பெரிய தொட்டிக்கு அனுப்ப நான் சம்மதிப்பதில்லை.

மீன் கல்லில் உரசுகிறது, கண் மங்குகிறது, புள்ளி இல்லை என்றால் தட்டைப்புழு இருக்கலாம். இதற்கு நன்னீர்க் குளியல் நல்ல சோதனை. அதே சூட்டில் குளோரின் இல்லாத தண்ணீர், சமையல் சோடா போட்டு பிஹெச்சைத் தொட்டி அளவுக்குக் கொண்டுவந்து, மூன்று முதல் ஐந்து நிமிடம். கண்ணாடி போல இருந்த புழுக்கள் வெளுத்து எள்ளு மாதிரி அடியில் விழும். நம் ஊர் போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, ஆனால் பிராணவாயு குறைவு. முதல் நாளே பிடித்து ஏர் பம்ப் ஓடவிடுங்கள். மீன் துவண்டால் உடனே எடுத்துவிட வேண்டும். குளியலால் முட்டை சாகாது, எனவே பின்னால் பொரிந்து வரும் புழுக்களுக்குப் பிராசிகுவான்டல் மருந்தும் வேண்டியிருக்கும்.

அந்த மயிலாடுதுறைத் தம்பி இப்போது வேறு மீன் வாங்கித் தனித்தொட்டியில் வைத்திருக்கிறார். பத்தொன்பதாம் நாள், துடுப்பு ஓரத்தில் காலிஃபிளவர் மாதிரி முண்டு. லிம்போசிஸ்டிஸ், வைரஸ். "என்ன மருந்து சார் ஊத்தணும்?" என்றார். ஒன்றும் வேண்டாம், நல்ல தீனி போட்டுத் தண்ணீரைச் சுத்தமாக வைத்தால் மெல்லத் தானாக விழும் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நேற்றும் இரண்டு தடவை போன் பண்ணினார்.