சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் இருக்கிறது, பாஸ்புக்கில் இருக்கிறதா?

சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் தெரிந்தாலே பணம் கட்டியாகிவிட்டது என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். சீட்டு அடிப்பது கம்பெனி. கணக்கில் வரவு வைப்பது மத்திய அரசின் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனம். பிடித்த பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கம்பெனி கட்டியாக வேண்டும். எனவே மாதக் கடைசியில் உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள்.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்றால் உங்கள் பங்கு 12 சதவீதம், அதாவது 1,800. கம்பெனியும் 1,800 போடும். ஆனால் அதில் 1,250 ஓய்வூதியத்துக்குப் போவதால் கம்பெனி பங்கு என்ற இடத்தில் 550தான் இருக்கும். இதைப் பார்த்துப் பதறிப் புகார் எழுதுகிறவர்கள் ஏராளம். பக்கத்திலேயே ஓய்வூதியக் கட்டத்தில் மீதி இருக்கும். பதற வேண்டியது, கம்பெனி தன் பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே பிடித்து 3,600 கழிக்கும்போதுதான். அதற்குச் சட்டத்தில் இடமில்லை. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, மீதியை எல்லோருக்கும் ஒரேபோல 'படி' என்று பிரித்துக் கொடுப்பது இன்னொரு வித்தை. அப்படிப்பட்ட படிகளுக்கும் பி.எஃப். உண்டு என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒப்பந்ததாரர் கட்டாமல் போனால், அவர் மூலம் வேலை வாங்கும் முதன்மைக் கம்பெனிதான் பொறுப்பு. இது தெரியாமல், ஓடிப்போன ஒப்பந்ததாரரைத் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு இணையதளத்தில் யு.ஏ.என். எண்ணை (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) வைத்துப் புகார் பதியலாம். "பி.எஃப். கட்டவில்லை" என்று ஒற்றை வரி எழுதினால், கம்பெனி ஏதோ பதில் சொல்ல, புகார் அத்தோடு முடிக்கப்படும். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எவ்வளவு பிடித்தார்கள், கம்பெனியின் பி.எஃப். குறியீட்டு எண் என்ன என்று எழுதி, சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் இணையுங்கள். கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் அடையாள அட்டை, இ.எஸ்.ஐ. அட்டை, வருகைப் பதிவின் போட்டோ என்று கிடைப்பதையெல்லாம் சேர்த்துவைக்க வேண்டும். வேலையை விட்டபின் இவை கிடைக்காது.

ஆதாரம் இருந்தால் அதிகாரிகளின் கை நீளும். விசாரணை நடத்தி, கம்பெனியின் பதிவேடுகளை வரவழைத்து, பாக்கியை நிர்ணயிப்பார்கள். பாக்கிக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அபராதம் தனி. கட்டாவிட்டால் கம்பெனியின் வங்கிக் கணக்கையே முடக்கலாம். உங்களிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது நம்பிக்கை மோசடி. போலீஸ் வழக்கும் வரும்.

இணையம் ஒத்துவராதவர்களுக்காக மாதந்தோறும் 27ஆம் தேதி மாவட்டங்களில் குறைதீர் முகாம் நடக்கிறது. அன்று விடுமுறையென்றால் அடுத்த வேலைநாள். அசல் ஆவணங்களைக் காட்டி நகலை மட்டும் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.